ஆம்ஃபிபியஸ் 6 சக்கர வண்டிக்கு எலக்ட்ரிக் பி.டி.ஓ. கிளட்ச் (இன்ஜின் சக்தியை வேற மெஷினுக்கு எடுத்துக் கொடுக்கிற, கரண்ட்ல பிடிக்கிற கிளட்ச்) மாட்டுறது, யாராவது பண்ணியிருக்கீங்களா?

ஆறுசக்கரம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட 6 சக்கர ஆம்ஃபிபியஸ் வண்டி ஒண்ணு இருக்கு. தரையிலயும் போகும் தண்ணியில இறக்குனா மிதக்கும், டயரே துடுப்பு மாதிரி தள்ளிக்கிட்டு போகும். 20 எச்.பி. ட்வின் சிலிண்டர் இன்ஜின், அதுல இருந்து சி.வி.டி. (வேக விகிதம் தானா மாறுற) பெல்ட், அப்புறம் கியர்பாக்ஸ், அங்கிருந்து செயின் போட்டு ஆக்சிலுக்கு. இந்த இன்ஜின்லயே ஒரு சென்ட்ரிஃபியூகல் தண்ணி பம்பும் ஓட்டணும், தனியா இன்னொரு இன்ஜின் பம்பு ஏத்துனா எடை தாங்காது.

ரைடிங் புல்வெட்டி மெஷின்ல இருந்து கழட்டுன எலக்ட்ரிக் கிளட்ச் ஒண்ணு கிடைச்சிருக்கு. 12 வோல்ட், துளை ஒண்ணே அரைக்கால் இஞ்ச், 100 நியூட்டன் மீட்டர் ரேட்டிங். கிராங்க் ஷாஃப்ட்டோட ஒரு முனையில சி.வி.டி. கிளட்ச் உக்காந்திருக்கு, அங்க ஒரு விரக்கடை கூட இடம் இல்ல. அதனால ஃப்ளைவீல் பக்கம் ஒரு குட்டி ஷாஃப்ட் போல்ட் பண்ணி அதுல புல்லி, அங்கிருந்து பெல்ட் போட்டு மேல ஒரு ஜாக் ஷாஃப்ட் (நடுவுல சக்தியைக் கடத்துற துணை ஷாஃப்ட்), அந்த ஜாக் ஷாஃப்ட்ல இந்த கிளட்ச். இன்ஜின் பெல்ட் கிளட்ச்சோட புல்லியை சுத்தும், ஸ்விட்ச் போட்டா ஜாக் ஷாஃப்ட் சுத்தும், அது கப்ளிங் வழியா பம்பை சுத்தும். இதுதான் பிளான். தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க, இன்னும் வெல்டிங் ஆரம்பிக்கல.

பழையபெல்ட்:
தம்பி நிறுத்துங்க, வெல்டிங் பண்ணிடாதீங்க. உங்க பிளான்ல கிளட்ச் தலைகீழா இருக்கு.

புல்வெட்டி கிளட்ச்ல பிரேக்கும் சேர்ந்தே இருக்கும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணுனதும் பிளேடு உடனே நிக்கணும்னு அப்படி செஞ்சிருக்காங்க. உள்ள மூணு சமாச்சாரம். கீ போட்டு ஷாஃப்ட்டோடயே எப்பவும் சுத்துற ரோட்டர் ஒண்ணு. பேரிங் மேல தனியா உக்காந்திருக்கிற புல்லியும் அதோட ஒட்டுன ஆர்மேச்சர் தட்டும் ஒண்ணு. சுத்தாம நிக்கிற காயில் ஒண்ணு. கரண்ட் போனா ஆர்மேச்சர் ரோட்டர்ல போய் ஒட்டும், புல்லி சுத்தும். கரண்ட் நின்னா ஸ்ப்ரிங் அந்த ஆர்மேச்சரை இழுத்து பிரேக் தட்டுல அழுத்திடும், புல்லி நின்னுடும்.

இப்ப யோசிங்க, நீங்க இன்ஜின் பெல்ட்டை அந்த புல்லியில மாட்டுனா என்ன ஆகும், கிளட்ச் ஆஃப்ல இருக்கும்போது பிரேக் புல்லியை பிடிச்சிருக்கும், இன்ஜின் அதை சுத்தப் பாக்கும், ஒண்ணு பெல்ட் புகையும் இல்ல பிரேக் பேட் ஒரே நாள்ல தேஞ்சு போகும். ரெண்டும் நான் என் கண்ணால பாத்தது.

சரியான வழி இதான். ஜாக் ஷாஃப்ட்ல கீ போட்ட சாதா புல்லி ஒண்ணு தனியா வைங்க, இன்ஜின் பெல்ட் அதுல. ஜாக் ஷாஃப்ட் இன்ஜினோட எப்பவும் சுத்தட்டும். அந்த ஷாஃப்ட்டோட முனையில கிளட்ச். கிளட்ச் புல்லியில இருந்து இன்னொரு பெல்ட் பம்புக்கு. அப்ப பிரேக் பிடிக்கிறது பம்பைத்தான், அதுல ஒரு கெடுதலும் இல்ல.

ஆறுசக்கரம்:
அண்ணே ரொம்ப நன்றி, இது என் மண்டையில ஏறவே இல்ல. கிளட்ச்சை கையில வச்சு புல்லியை சுத்திப் பாத்தேன், சுத்தவே மாட்டேங்குது, துரு பிடிச்சு இறுகியிருக்குன்னு நெனச்சேன். அது பிரேக்குன்னு இப்பதான் புரியுது.

கிரீஸ்கை:
ஃப்ளைவீல் பக்கம் எடுக்குறீங்கன்னா ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க நண்பா. காத்துல குளிர்ற இன்ஜின்னா அந்தப் பக்கம்தான் ஃபேன் காத்தை இழுக்குது. புல்லி பெருசா போட்டு வாயை அடைச்சிட்டா இன்ஜின் சூடேறும், அதுவும் இந்த வண்டிகள்ல இன்ஜின் தொட்டிக்குள்ள மூடி கிடக்கும், ஏற்கனவே காத்து கம்மி. சின்ன புல்லி போடுங்க, இன்ஜின் முகத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வைங்க.

ரெண்டாவது, குட்டி ஷாஃப்ட்டை மாட்டுனதும் டயல் கேஜ் வச்சு சுத்திப் பாருங்க. 0.05 மி.மீ.க்கு மேல ஆடுச்சுன்னா கழட்டி மறுபடி உக்கார வைங்க. 3000 ஆர்.பி.எம்.ல அந்த ஆட்டம் நேரா கிராங்க் பேரிங்குக்குப் போகும். ஒரு தடவை பாத்து சரி பண்ணிட்டா அப்புறம் நிம்மதி.

பெல்ட்டை ரொம்ப இறுக்காதீங்க. ரெண்டு புல்லிக்கு நடுவுல 100 மி.மீ. தூரத்துக்கு 1.6 மி.மீ. அளவு அமுங்குனா போதும். நேரா இருக்கான்னு ஸ்கேல் வச்சு பாருங்க, கண்ணை நம்பாதீங்க.

அப்புறம் ஃப்ளைவீல் பக்கம் நின்னு பாத்தா இன்ஜின் கடிகார திசையில சுத்தும், மறுபக்கம் நின்னு பாத்தா எதிர்த்திசை. பம்போட இம்பெல்லர் எந்தப் பக்கம் சுத்தணும்னு அம்புக்குறி இருக்கும், அதைப் பாத்துட்டு பம்பை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க.

சேற்றுவண்டி:
100 நியூட்டன் மீட்டர் கிளட்ச் போதுமா? என்னோட வண்டியில ஹைட்ராலிக் பம்புக்கு 170 போட்டேன். பெருசா போட்டா தலைவலி இல்ல.

பழையபெல்ட்:
கணக்குப் போட்டுப் பாத்தா போதும். கிலோவாட்டை 9549ஆல பெருக்கி ஆர்.பி.எம்.ஆல வகுத்தா டார்க். பம்பு 3000 ஆர்.பி.எம்.ல 5 கிலோவாட் இழுத்தா 16 நியூட்டன் மீட்டர் கிட்டதான். ரெண்டு மூணு மடங்கு விட்டாக்கூட 48. இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் உதைக்கிற உதையையும் சேத்து 100 தாராளம். சென்ட்ரிஃபியூகல் பம்புல இன்னொரு நல்லது, வேகம் பாதியானா டார்க் கால்வாசிதான். ஐடிலுக்குக் கொஞ்சம் மேல வச்சு கிளட்ச் போட்டுட்டு அப்புறம் த்ராட்டில் ஏத்துனா கிளட்ச்சுக்கு வலியே தெரியாது. ஹைட்ராலிக் பம்பு அப்படி இல்ல, வால்வு மூடியிருந்தா முதல் சுத்துலயே முழு சுமை விழும், அதனால உங்களுக்கு 170 சரி.

பெருசு போட்டா எடையும் கூடும், கரண்டும் கூடும். தேவையில்லாம போடக்கூடாது.

ஆறுசக்கரம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். மாட்டி முடிச்சாச்சு. பழையபெல்ட் அண்ணே சொன்ன மாதிரியே ஜாக் ஷாஃப்ட், ரெண்டு பிளம்மர் பிளாக் பேரிங், தொட்டியோட தரையில இருந்து நல்ல உயரத்துல. கிளட்ச்சோட நடு போல்ட் 8.8 கிரேடு எம்10, 45 நியூட்டன் மீட்டர்ல இறுக்கி நீல திரவ லாக் (மரை தளராம பிடிக்கிற பசை) போட்டேன்.

முதல் நாள் பிரமாதமா ஓடுச்சு. ஆனா ஒரு பிரச்சனை. 20 நிமிஷம் நல்லா பம்பு ஓடும். அப்புறம் கிளட்ச் ஆஃப் பண்ணி வண்டியை இடம் மாத்தி மறுபடி ஸ்விட்ச் போட்டா பிடிக்க மாட்டேங்குது. சில சமயம் சத்தமே இல்ல, சில சமயம் கீச்சுன்னு இழுத்துக்கிட்டு கிடக்குது. அரை மணி நேரம் ஆற விட்டா மறுபடி டப்புன்னு பிடிக்குது. கிளட்ச் செத்துப் போச்சா? வாங்குன அன்னிக்கே காயில் ரெசிஸ்டன்ஸ் 2.8 ஓம் பாத்தேன், அது சரிதானே?

சேற்றுவண்டி:
பழைய கிளட்ச்தான, காயில் போயிருக்கும். புதுசு போடுங்க. அதான் சொன்னேன் பெருசா போடுங்கன்னு.

மின்சுருள்:
புதுசு வாங்காதீங்க தம்பி, இன்னும் எதுவும் சாகல. ஆறுனா பிடிக்குது சூடானா பிடிக்கலங்கிறீங்க, அதுலயே பாதி விடை இருக்கு.

காயில் செம்புக் கம்பி. செம்போட ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு 0.39 சதவீதம் ஏறும். கிளட்ச் ஆன்ல இருக்கும்போது காயில் மட்டுமே 50 வாட்டுக்கு மேல சூட்டை வெளியிடுது, பக்கத்துல இன்ஜின் வேற, தொட்டிக்குள்ள காத்தும் இல்ல. 90 டிகிரி தாண்டுறது சாதாரணம். அப்ப 2.8 ஓம் 3.6 ஓம் ஆகிடும். அதே வோல்டேஜ்ல கரண்ட் குறையும். காந்தத்தோட இழுவை கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்தபடி மாறுறதால கரண்ட் கொஞ்சம் குறைஞ்சாலே இழுவை நிறைய விழும்.

ஒருதடவை ஒட்டிடுச்சுன்னா இடைவெளி இல்லாததால கம்மி கரண்ட்லயும் பிடிச்சு நிக்கும். அதான் 20 நிமிஷம் விடாம ஓடுது. ஆஃப் பண்ணிட்டா ஆர்மேச்சர் தள்ளிப் போயிடும், மறுபடி அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்கத்தான் சக்தி பத்தல. இது கிளட்ச் கோளாறா இருக்கிறதை விட வயரிங் கோளாறா இருக்கத்தான் நிறைய வாய்ப்பு.

மூணு அளவு எடுத்துப் போடுங்க. ஒண்ணு, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில வோல்டேஜ். ரெண்டு, கிளட்ச் ஆன்ல இருக்கும்போது கிளட்ச்சோட கனெக்டர்லயே பின்பக்கமா புரோப் குத்தி வோல்டேஜ், கழட்டி பாக்காதீங்க, கழட்டுனா கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடலன்னா எந்த வயரும் நல்ல வயர் மாதிரிதான் தெரியும். மூணு, கிளட்ச் மைனஸ் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல வோல்டேஜ். அப்புறம் ஃபீலர் கேஜ்ல (மெல்லிய தகடு அளவுகோல்) ஏர் கேப், அதாவது ஆர்மேச்சருக்கும் ரோட்டருக்கும் நடுவுல இடைவெளி, எத்தனை மி.மீ.ன்னும் பாருங்க, கிளட்ச்ல சுத்தி மூணு இடத்துல சின்ன ஜன்னல் இருக்கும்.

ஆறுசக்கரம்:
அக்கா அளந்துட்டேன். பேட்டரியில 13.9. கிளட்ச் கனெக்டர்ல 10.6. மைனஸ் பக்கம் மட்டும் 2.2 வோல்ட் காட்டுது! ஸ்விட்ச் ரெண்டு முனைக்கு நடுவுல 0.7. மீதி 0.4 பிளஸ் வயர்ல. ஏர் கேப் ஒரு ஜன்னல்ல 0.6, இன்னொண்ணுல 0.7, மூணாவதுல 0.55.

மைனஸ் வயரை ஜாக் ஷாஃப்ட் பிராக்கெட்லதான் போல்ட் பண்ணியிருக்கேன். வேற ஏதாவது தப்பு பண்ணியிருக்கேனா?

மின்சுருள்:
அதான் விஷயம். 13.9ல 3.3 வோல்ட் வழியிலயே போயிடுது. வண்டியோட உடம்பு பிளாஸ்டிக், அது கரண்ட் கடத்தாது. பிராக்கெட் பெயின்ட் அடிச்சது, ஃப்ரேம் பவுடர் கோட்டிங், நடுவுல ரப்பர் வாஷர் போட்டிருந்தா இன்னும் மோசம். கரண்ட் போல்ட்டோட மரை வழியா தேடித் தேடி போகுது. காரு மாதிரி எங்க வேணாலும் எர்த் அடிக்கிற வண்டி இல்ல இது.

கணக்கா சொல்றேன். 10.6ஐ 2.8ஆல வகுத்தா 3.8 ஆம்பியர், அப்ப வழியில இருக்கிற ரெசிஸ்டன்ஸ் 0.87 ஓம். காயில் 3.6 ஆனதும் மொத்தம் 4.47, கரண்ட் 3.1 ஆம்பியர்தான். வயரிங் நல்லா இருந்து காயிலும் ஆறியிருந்தா 4.8க்கு மேல ஓடணும். வர்க்கம் போட்டுப் பாருங்க, 40 சதவீதம் இழுவைதான் மிச்சம். அதோட கேப் 0.7 வேற. பாவம் அந்த கிளட்ச், அது என்ன பண்ணும்.

செய்ய வேண்டியது: பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா ஒரு 2.5 சதுர மி.மீ. வயர் கிளட்ச் வரைக்கும். பிளஸ்ஸுக்கும் அதே. ஸ்விட்ச் வழியா கிளட்ச் கரண்ட்டை விடாதீங்க, ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) போடுங்க, பேட்டரியில இருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியா ரிலேயோட 30ம் நம்பர் முனைக்கு, 87ம் நம்பர் முனையில இருந்து கிளட்ச்சுக்கு. ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தூண்டட்டும். ரிலேயை தொட்டியோட மேல் விளிம்புகிட்ட முனைகள் கீழ பாத்த மாதிரி வைங்க, தண்ணி தேங்காது.

காயிலுக்கு குறுக்கா ஒரு டயோடு, 1என்5408 போதும், வெள்ளைக் கோடு இருக்கிற பக்கம் பிளஸ்ல. ஆஃப் பண்ணும்போது காயில் திருப்பி உதைக்கிற வோல்டேஜ் ரிலே முனையைக் கரிச்சிடும், டிஜிட்டல் மீட்டர் இருந்தா அதையும் குழப்பும். டயோடு போட்டா கிளட்ச் விடுறது கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதமாகும், பம்புக்கு அது பரவாயில்ல.

கிரீஸ்கை:
கேப் பத்தி நான் சொல்றேன். சுத்தி மூணு நட்டு இருக்கும், ஸ்ப்ரிங் மேல உக்காந்திருக்கும். நிறைய கிளட்ச்சுக்கு 0.3ல இருந்து 0.4 மி.மீ. வரைக்கும் வச்சா சரியா இருக்கும், உங்க மாடலோட தாள் கிடைச்சா அதுல இருக்கிறதை வைங்க. முக்கியம் என்னன்னா மூணு ஜன்னல்லயும் ஒரே அளவு இருக்கணும். ஒரு பக்கம் 0.55 இன்னொரு பக்கம் 0.7ன்னா ஆர்மேச்சர் சாஞ்சு பிடிக்கும், ஒரு ஓரம் மட்டும் தேயும். கேப்பை ரொம்பக் குறைச்சிடவும் கூடாது, பிரேக் முழுசா விடாம உரசிக்கிட்டே கிடக்கும்.

கீச்சுன்னு வழுக்கி ஓடுனதால ஆர்மேச்சரும் ரோட்டரும் ஒட்டுற முகம் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகியிருக்கும். கேப் வச்சதும் பாதி த்ராட்டில்ல ஒரு 15 வினாடி ஆன், 15 வினாடி ஆஃப்னு அஞ்சாறு தடவை, அப்புறம் முக்கால் த்ராட்டில்ல அதே மாதிரி. முகம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகிடும்.

இன்னொண்ணு கேக்கணும், காயில் கூடு சுத்தாம இருக்க என்ன பண்ணியிருக்கீங்க?

ஆறுசக்கரம்:
அதுல இருக்கிற காடியில ஒரு போல்ட் விட்டு பிராக்கெட்டோட நல்லா இறுக்கிட்டேன். ஆடக்கூடாதுன்னுதான்.

கிரீஸ்கை:
அதைத் தளர்த்துங்க, இன்னிக்கே. அந்தக் காடி சுத்துறதைத் தடுக்க மட்டும்தான். காயில் கூடு உள்ள இருக்கிற சின்ன பேரிங் மேல மிதக்கணும். இறுக்கிட்டா ஷாஃப்ட்டோட சின்ன ஆட்டம் முழுக்க அந்த பேரிங் மேல விழும், கொஞ்ச நாள்ல ஊளையிடும். ஒரு பின் போதும், காடிக்குள்ள முன்ன பின்ன அசைய இடம் விட்டு. வயரை மட்டும் தளர்வா ஒரு வளைவு விட்டுக் கட்டுங்க, இழுபடாம.

சேற்றுவண்டி:
நான் புதுசு வாங்குங்கன்னு சொன்னது தப்புதான், மின்சுருள் அக்கா சொன்னதைப் படிச்சுட்டு என் வண்டியிலயும் அளந்தேன், எனக்கும் மைனஸ்ல 0.9 வோல்ட் போகுது. நாளைக்கு நானும் தனி வயர் இழுக்கப் போறேன்.

அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். பம்பு ஓட்டும்போது கியர்பாக்ஸ் நியூட்ரல்ல இருந்தே ஆகணும், கொஞ்சம் த்ராட்டில் ஏத்துனாலே சி.வி.டி. பிடிச்சு வண்டி நகரப் பாக்கும். கியர் லீவர்ல ஒரு நியூட்ரல் ஸ்விட்ச் வச்சு அது வழியா ரிலேக்கு கரண்ட் கொடுங்க, நியூட்ரல் இல்லன்னா கிளட்ச் பிடிக்கவே கூடாது. பம்பு நிறுத்திட்டு கியர் போடும்போது இன்ஜின் ஐடிலுக்கு இறங்குற வரைக்கும் பொறுங்க, உள்ள பல்லுங்க இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும், கரகரன்னு கத்தும். ரெண்டு பெல்ட்டுக்கும் மூடி போடுங்க, தொட்டிக்குள்ள கை வைக்கிற இடம் எல்லாம் பெல்ட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு.

பழையபெல்ட்:
மிதக்கும்போது பம்பு ஓட்டுற எண்ணம் இருந்தா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு 500 லிட்டர் தண்ணி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்துல பீச்சுச்சுன்னா எதிர்ப்பக்கம் 170 நியூட்டன் கிட்ட தள்ளும், 17 கிலோ எடையைக் கையால தள்ளுற மாதிரி. தரையில டயர் பிடிச்சுக்கும். தண்ணியில நியூட்ரல்ல இருக்கிற வண்டியைப் பிடிக்க ஒண்ணும் இல்ல, பின்னால போகும், குழாய் ஓரமா இருந்தா சுத்தவும் செய்யும். கரையில கயிறு கட்டிட்டு பண்ணுங்க. ஜாக் ஷாஃப்ட், பம்பு, கிளட்ச் எல்லாம் ஒரே பக்கம் இருந்தா வண்டி அந்தப் பக்கம் சாயும், பேட்டரியை எதிர்ப்பக்கம் மாத்திட்டு முழங்கால் அளவு தண்ணியில முதல்ல மிதக்க விட்டுப் பாருங்க.

பம்பை வறண்டு ஓட விடாதீங்க. மெக்கானிக்கல் சீலுக்கு தண்ணிதான் குளிர்ச்சி, கொஞ்ச நேரம் வறண்டு ஓடுனாலே கருகிடும்.

ஆறுசக்கரம்:
எல்லாம் முடிச்சிட்டு எழுதுறேன். தனி வயர் ரெண்டு, ரிலே, டயோடு, நியூட்ரல் ஸ்விட்ச். கேப் மூணு இடத்துலயும் 0.4. காயில் பின்னைத் தளர்த்திட்டேன். பிளஸ் மைனஸ் சேர்த்து மொத்த வீழ்ச்சி இப்ப 0.3 வோல்ட்தான், கிளட்ச்சுல 13.6 நிக்குது. நேத்து ஒண்ணரை மணி நேரம் ஓட்டுனேன், நடுவுல 9 தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஒவ்வொரு தடவையும் டப்புன்னு பிடிச்சுது. சூடா இருக்கும்போதே காயிலை அளந்தேன், அக்கா சொன்ன மாதிரியே 3.6 ஓம். அந்த நம்பரைப் பாத்ததும் அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு சந்தேகம். தண்ணியில இறக்கி ஏத்துனப்ப அலை தெறிச்சு கிளட்ச் மேலயே விழுந்துச்சு. ஓடும்போது ஒண்ணும் ஆகல. ஆனா ரெண்டு நாள் நிறுத்தி வச்சிட்டு பாத்தா முகத்துல செம்பழுப்பா துரு. கிரீஸ் தடவலாமா?

கிரீஸ்கை:
ஐயோ வேணாம், முகத்துல கிரீஸ் எண்ணெய் எதுவுமே படக்கூடாது, பட்டா வழுக்கிக்கிட்டே கிடக்கும். அந்த மேல் துரு ரெண்டு மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணா தானா உரசிப் போயிடும். காயில் எபாக்ஸிக்குள்ள இருக்கு, அதுக்குத் தண்ணி பயம் இல்ல. கனெக்டர் உள்ள மட்டும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைங்க. மேல தகடு வளைச்சு ஒரு கூரை, அடியும் பக்கமும் காத்துக்குத் திறந்தே இருக்கட்டும்.

மின்சுருள்:
தண்ணியில இறங்கி ஏறுன அன்னிக்கு வண்டியை நிறுத்துறதுக்கு முன்னாடி கிளட்ச்சை அஞ்சு நிமிஷம் ஆன்ல வச்சு ஓட்டுங்க, பம்புல தண்ணி இருக்கும்போதே. அந்தக் காயில் சூட்டுலயே ஈரம் காஞ்சிடும். அப்புறம் ஆஃப் பண்ணி வைங்க, முகம் ஒட்டிக்காது.

ஆறுசக்கரம்:
சரி அக்கா, இன்னிக்கு சாயங்காலமே தகடு வெட்டி கூரை போட்டுடுறேன். மாட்டுன படம் நாளைக்குப் போடுறேன்.